பயனிலை இல்லாத கரடி

அத்தியாயம் 5

சீட்டாட்டத்தில் கடைசி ஏஸை இறக்குகிறவர் மாதிரி, ஷெரிஃப் மெக்ரூடர் அந்தக் காகிதத் துண்டை மேஜைமேல் வைத்தார்.

"கேஸ் முடிஞ்சுது மிஸ் ஸ்ட்ராண்ட். நீங்க டுலூத்ல இருந்து இவ்வளவு தூரம் கார் ஓட்டிக்கிட்டு வந்ததுதான் மிச்சம்."

ஐடா ஸ்ட்ராண்ட் காகிதத்தைத் தொடவில்லை. பத்து வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கில இலக்கணம் நடத்திவிட்டு, பிள்ளைகளைவிடத் திருடர்கள் ஒழுங்காகப் பதில் சொல்வார்கள் என்று துப்பறியும் தொழிலுக்கு வந்தவள் அவள். அவளுடைய உதவியாளன் டெல்மர், ஐஸ் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன். அவனுக்கு இரண்டு விஷயம் நன்றாக வரும்: கார் ஓட்டுவது, கூடாத நேரத்தில் வாயைத் திறப்பது.

"ஐயோ, கண்ணாடியை எங்கேயோ வெச்சுட்டேன்" என்றாள் ஐடா. "நீங்களே கொஞ்சம் படிச்சுக் காட்டுங்களேன் ஷெரிஃப்."

"கண்ணாடி உங்க கைப்பையிலதானே பாஸ்..." என்று ஆரம்பித்தான் டெல்மர். மேஜைக்கு அடியில் ஒரு ஷூ குதிகால் அவன் கட்டைவிரலில் இறங்கியது. மீதி வாக்கியம் தொண்டைக்குள்ளேயே போயிற்று.

ஷெரிஃப் காகிதத்தை எடுத்தார். பெரிய எழுத்தில், பென்சிலால், மொத்தம் ஐந்தே சொல். "பேர்" என்று படித்து நிறுத்தி, ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, "ஹைட்ஸ் அண்டர் தி பார்ன்" என்று முடித்தார்.

கொட்டகைக்கு அடியில் கரடி ஒளிந்திருக்கிறது. எல்க் ஃபோர்க் ஊரில் நாலு வயதுப் பிள்ளைகூட மூன்று நாளாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் வெர்னாவோட ஓட்டல்ல, காபி சாசருக்கு அடியில கிடைச்சுது" என்றார் ஷெரிஃப். "வெர்னா போட்ட கூச்சல்ல ஊரே கூடிடுச்சு. எங்க ஊர்ல கொட்டகைன்னா பாழடைஞ்ச நைபெர்க் பண்ணைக் கொட்டகைதான். அதை முப்பது பேர் துப்பாக்கியோட போய்ச் சுத்தி வளைச்சோம். சாயங்காலம் பூரா ஊர்ல ஒரு ஈ காக்கா இல்லை. புதன்கிழமை காலையில ஸ்லேட் தன் கிடங்கைத் திறக்கறார், உள்ளே வெறும் சுவர். முப்பத்தாறு கரடி ஃபர் போயே போச்சு! இப்பப் புரியுதா, இந்தச் சீட்டு எதுக்குன்னு? எங்களை எல்லாம் ஊரைவிட்டுக் கிளப்பறதுக்கு!"

"கரடி நிஜமா இருந்துச்சா?" என்று கேட்டான் டெல்மர்.

"இல்லாம என்ன? வனக் காவலர் கிளிஃப் ஹாடன் கொட்டகைக்கு அடியில தானே புகுந்து கண்ணால பார்த்துட்டு வந்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாரே. பாவம், அன்னிக்கு இருந்து கயிறு கட்டிக் காவல் காக்கறார். இந்த ஊர்ல அந்தக் கரடியைப் பார்க்காதவங்களே கிடையாது. பாதிரியார் சம்சாரம் ரெண்டு தடவை பார்த்துட்டாங்க."

"அப்ப திருடன் முன்னாடியே கரடிகிட்டப் பேசி வெச்சிருக்கணும், செவ்வாய்க்கிழமை கொஞ்சம் வந்துட்டுப் போப்பான்னு."

ஷெரிஃப் அவனைப் பார்த்த பார்வையில் காபி உறைந்திருக்கும். ஐடா நடுவில் புகுந்தாள்.

"எழுதினது நீங்க உள்ளே வெச்சிருக்கிற ரெய்னோன்னு எப்படி முடிவு கட்டினீங்க?"

ஷெரிஃபுக்கு இதற்காகத்தான் காத்திருந்த மாதிரி முகம் மலர்ந்தது. "கரடிக்கு முன்னாடி 'ஏ' எங்கே மிஸ்? 'ஏ பேர்'னுதானே நானோ நீங்களோ எழுதுவோம்? ஃபின்லாந்துக்காரங்க பாஷையில இந்த 'ஏ'யும் கிடையாது, 'தி'யும் கிடையாது. அதனால இங்கிலீஷ் எழுதும்போது விட்டுடுவாங்க. கிடங்குச் சாவி எந்த ஆணியில தொங்கும்னு தெரிஞ்ச ஃபின்லாந்துக்காரன் இந்த ஊர்ல ஒருத்தன்தான். அங்கே காவல் வேலை பார்க்கிற ரெய்னோ. நாலு மணிக்கு வண்டி வருது. மாவட்டக் கோர்ட்டுக்கு அனுப்பறேன்."

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

கம்பிக்குப் பின்னால் ரெய்னோ எழுந்து நின்றான். ஆறடி ஆள். கையில் தொப்பியை வைத்துப் பிசைந்துகொண்டிருந்தான். அவன் பேசினால் சொல்லுக்குச் சொல் நடுவில் இருக்கவேண்டியதெல்லாம் உதிர்ந்து போயிருக்கும்.

"நான் திருடன் இல்லை. ஞாயிறு நான் டுலூத் போனேன். மச்சினி கல்யாணம். மூணு நாள் ஆடினேன். இருநூறு ஆள் பார்த்தது. செவ்வாய் சாயங்காலம் அஞ்சு மணி பஸ் வந்தேன். வீடு போனேன். தூங்கினேன்."

"திருட்டு நடந்தது அஞ்சு மணிக்கு அப்புறம்தான்" என்றார் ஷெரிஃப். "கல்யாணத்துல ஆடினதுக்கு நான் கேஸ் போடலை."

ரெய்னோவின் மனைவி சைமி சாப்பாட்டுக் கூடையுடன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஐடாவைத் தொலைபேசியில் கூப்பிட்டது அவள்தான். இந்த ஊரில் பிறந்தவள். பேச்சில் ஒரு பிசிறு கிடையாது.

"டிசம்பர்ல அவருக்குக் குடியுரிமைப் பரீட்சை மிஸ் ஸ்ட்ராண்ட். ரெண்டு வருஷமா வகுப்புக்குப் போறார். இன்னிக்கு அவர் பேர்ல வழக்கு எழுதிட்டாங்கன்னா பரீட்சை கிடையாது. ஃபின்லாந்துக்குத் திரும்பக் கப்பல்தான்." கூடையிலிருந்து ஒரு பழுப்பு நோட்டை எடுத்து நீட்டினாள். "இது அவரோட வகுப்பு நோட்டு. உங்களுக்கு உதவுமான்னு தெரியலை. என்கிட்ட வேற எதுவும் இல்லை."

ஐடா நோட்டை வாங்கிக்கொண்டாள். சீட்டையும் ஷெரிஃபிடம் கேட்டு வாங்கினாள். அவர் தாராளமாகக் கொடுத்தார். முடிந்துபோன கேஸில் எதைக் கொடுத்தால் என்ன?

காருக்குள் ஏறியதும் ஐடா கைப்பையைத் திறந்து, கண்ணாடியை எடுத்து, மூக்கில் மாட்டிக்கொண்டாள்.

"ஏன் பாஸ் பொய் சொன்னீங்க? என் கட்டைவிரல் கேட்கச் சொல்லுது."

ஐடா, மூச்சு பட்டு மங்கியிருந்த முன்கண்ணாடியில் விரலால் படுக்கையாக ஒரு கோடு இழுத்தாள். அதன் குறுக்கே, மேலிருந்து கீழாக, இன்னொன்று.

"இது என்ன, ரயில்வே கேட்டா?"

"வாக்கியம். இடது பக்கம் எழுவாய், வலது பக்கம் பயனிலை. யார்ங்கிறது இந்தப் பக்கம், என்ன செய்யறாங்கிறது அந்தப் பக்கம். நடுவுல இந்த வெட்டு. இது எங்கே விழுதுன்னு தெரிஞ்சுட்டா வாக்கியமே உன் சட்டைப்பையில."

"ஏழாம் வகுப்பை நான் ரெண்டு தடவை படிச்சேன் பாஸ். ரெண்டு தடவையும் இந்த வெட்டு என் கழுத்துலதான் விழுந்துது."

"சரி, உனக்கு எண்ணத் தெரியும் இல்லையா? ரெய்னோ நோட்டுல எத்தனை 'தி' இருக்குன்னு எண்ணு."

டெல்மர் புரட்டினான். நாய் எலும்பு தின்றது. மனைவி ரொட்டி சுட்டாள். ஜனாதிபதி வெள்ளை வீட்டில் இருக்கிறார். எண்பது பக்கம். வாத்தியாரின் சிவப்பு மை ஒவ்வொரு வரியிலும் 'ஏ'யையும் 'தி'யையும் செருகிச் செருகி, நோட்டுக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது.

"அவன் கையால ஒண்ணுகூட இல்லை."

"அந்தச் சீட்டுல?"

டெல்மர் பார்த்தான். மறுபடி பார்த்தான். "கரடிக்கு முன்னாடி ஒண்ணும் இல்லை. கொட்டகைக்கு முன்னாடி 'தி' இருக்கு."

"எண்பது பக்கத்துல ஒரு தடவைகூட எழுத வராதவனுக்கு, அஞ்சு சொல் சீட்டுல மட்டும் கொட்டகைக்கு 'தி' போட வந்துடுச்சாம்."

"கொட்டகை மேல ஒரு பாசம் போல" என்றான் டெல்மர். சொல்லிவிட்டு அவனே யோசனையில் ஆழ்ந்தான். "அப்ப எழுதினவனுக்கு இங்கிலீஷ் நல்லா வரும். பிறகு ஏன் கரடிக்கு 'ஏ' போடலை?"

"அதுதான் டெல்மர் கேள்வி. வண்டியை எடு."

ஃபர் வியாபாரி ஸ்லேட், தொண்டைக் கட்டும் சிடுசிடுப்புமாகக் காலிக் கிடங்கு நடுவில் நின்றிருந்தார். ஐடாவின் கண்ணாடி மறுபடி காணாமல் போயிருந்தது. ஸ்லேட் முனகிக்கொண்டே சீட்டை வாங்கி, "பேர்" என்று ஒரு இருமல் இருமி, "ஹைட்ஸ் அண்டர் தி பார்ன்" என்று துப்பினார்.

"சாவி எங்கே இருக்கும்?"

"அதோ அந்த ஆணியில. வர்றவன் போறவன் எல்லாருக்கும் தெரியும். வேட்டைக்காரன், லாரிக்காரன், வாரா வாரம் முத்திரை குத்த வர்ற வனக் காவலர், உங்க மாதிரி வேலையில்லாதவங்க. சனிக்கிழமை பூட்டினேன், புதன்கிழமை திறந்தேன். போதுமா?"

வெளியே வந்ததும் டெல்மர் கிசுகிசுத்தான். "இந்த ஆள்தான் பாஸ். தன் சரக்கைத் தானே திருடியிருக்கான். முகத்தைப் பாருங்க, ஊறுகாய் ஜாடிக்குள்ள தலையை விட்டுட்டு வந்த மாதிரி."

"அந்த மூஞ்சி அவருக்குப் பிறந்ததுல இருந்தே அப்படித்தான். அவர் இருமினது எந்த இடத்துலன்னு கவனிச்சியா?"

"அதுல என்ன இருக்கு? எங்கே வந்துதோ அங்கே இருமினார்."

"சரியான இடத்துல இருமினார்" என்றாள் ஐடா. டெல்மருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தொண்டைக் கட்டுக்கு மார்க் போடும் ஒரே துப்பறிவாளர் நம்ம பாஸ்தான் என்று நினைத்துக்கொண்டான்.

வெர்னாவின் ஓட்டலில், அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய ஆப்பிள் பை மணம் ஆளைத் தூக்கியது. மணி இரண்டரை. வெர்னா, சீட்டைக் கண்டெடுத்த கதையை அன்றைக்கு நாற்பதாவது தடவையாகச் சொல்லத் தயாராக இருந்தாள். ஐடா சீட்டை நீட்டியதும் ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "பேஏஏர்!" என்று கண்ணை உருட்டி, கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்வரை நிறுத்தி, அப்புறம்தான் மீதியைச் சொன்னாள்.

கவுண்டரின் கோடியில் வனக் காவலர் கிளிஃப் ஹாடன் ஒரு தட்டு ஆப்பிள் பையை வெட்டிக்கொண்டிருந்தார். சிரித்த முகம், சிவந்த கன்னம், ஊரில் எல்லோருக்கும் வேண்டியவர். காவலுக்கு இடையில் அரைமணி நேரம் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்.

"வெர்னா இப்படி நடிச்சுக் காட்டினா எனக்கு எப்படிப் புரியும்?" என்று அலுத்துக்கொண்டாள் ஐடா. "ஐயா, நீங்க சாதாரணமாப் படிச்சுச் சொல்லுங்களேன். கண்ணாடி இல்லாம எல்லாம் எறும்பு மாதிரித் தெரியுது."

"அதுக்கென்னம்மா." வாயில் பை, ஒரு கையில் முள்கரண்டி. மற்றக் கையால் சீட்டை வாங்கி, மென்றுகொண்டே வேகமாகப் படித்தார். "பேர்ஹைட்ஸ்..." ஒரு விழுங்கு. "...அண்டர் தி பார்ன். அவ்வளவுதான்மா. ரொம்பப் பெரிய கரடி. அந்தப் பக்கம் போயிடாதீங்க."

"போகவே மாட்டேன்" என்றாள் ஐடா. கைப்பையைத் துழாவினாள். "அட, கண்ணாடி கிடைச்சுடுச்சு! இதுக்காகவாவது எல்லாருக்கும் ஏதாவது வாங்கித் தரணும். வெர்னா, இவருக்கு இன்னொரு துண்டு பை. மேலே ஐஸ்கிரீம். அது முடிஞ்சா இன்னொண்ணு. என் கணக்குல."

"எனக்கு?" என்றான் டெல்மர்.

"உனக்கு வெளியே வேலை."

நைபெர்க் கொட்டகை, கருங்கல் முட்டுகள்மேல் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. சுற்றிலும் கயிறு. ஒரு பலகையில் 'கரடி! அருகே வராதீர்' என்று சிவப்புச் சாயத்தில் எழுதியிருந்தது. ஐடா கூப்பிட்டதற்காக ஷெரிஃப் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, வழி நெடுக முணுமுணுத்தபடி வந்திருந்தார். மணி மூன்றைத் தாண்டியாயிற்று.

"டெல்மர், உள்ளே போ" என்றாள் ஐடா.

"பாஸ், எனக்கு மணிக்கூலி. தின்னப்பட்டா அந்த மணியைச் சேர்ப்பீங்களா?"

"உள்ளே கரடி இல்லை."

"அது கரடிக்குத் தெரியுமா?"

ஆனாலும் போனான். அக்டோபர் மாதத்து ஈர மண்ணில் வயிற்றால் ஊர்ந்தான். உள்ளே மையிருட்டு. எலிப்புழுக்கை நாற்றம். கையை நீட்டி நீட்டித் தடவினான். கல், மரம், சிலந்தி வலை, பிறகு...

மயிர். அடர்த்தியாக, கரடுமுரடாக, கைக்கு அடங்காத பருமனாக.

டெல்மரின் அலறல் ஏரிக்கு அந்தக் கரைவரை கேட்டிருக்கும். ஊர்ந்து உள்ளே போக ஐந்து நிமிடம் எடுத்தவன், வெளியே வர ஐந்து விநாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. ஷெரிஃப் துப்பாக்கியைத் தூக்கினார். ஐடா குழலைப் பிடித்துக் கீழே தாழ்த்தினாள்.

"துரத்துதா?"

டெல்மர் திரும்பிப் பார்த்தான். கொட்டகைக்கு அடியில் ஒரு அசைவும் இல்லை. "இல்லை."

"உறுமிச்சா?"

"...இல்லை."

"தொட்டப்ப சூடா இருந்துதா?"

டெல்மர் தன் கையை மோந்து பார்த்தான். முகம் மெல்ல மாறியது. "உப்பு நாத்தம் அடிக்குது பாஸ்." மறுபடி உள்ளே ஊர்ந்தான். இந்தத் தடவை கயிறு போட்டுக் கட்டிய ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தான். ஷெரிஃப் கத்தியால் முடிச்சை அறுத்தார். பதப்படுத்திய கரடித் தோல்கள், அடுக்கி வைத்த போர்வை மாதிரி விரிந்தன. ஒவ்வொன்றிலும் ஸ்லேட் கிடங்கின் அடையாளச் சீட்டு தொங்கியது.

"இங்கே எப்படி..." ஷெரிஃப் ஒரு அடையாளச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீட்டுலயே எழுதியிருக்கு. நாமதான் தப்பா வெட்டிட்டோம்." ஐடா ஒரு குச்சியால் மண்ணில் படுக்கைக்கோடு இழுத்தாள். "'ஹைட்ஸ்' வினைச்சொல்லா இருந்தா 'ஒளிந்திருக்கிறது'. பெயர்ச்சொல்லா இருந்தா 'தோல்கள்'. ஊரே வெர்னா கத்தினபடியே படிச்சுது. கரடி எழுவாய், ஒளியறது பயனிலை. அப்படிப் படிச்சாத்தான் கரடிக்கு முன்னாடி ஒரு 'ஏ' குறையும். தோல்கள்னு படிச்சுப் பாருங்க. அது பன்மை. 'ஏ' தேவையே இல்லை. 'கொட்டகைக்கு அடியில் கரடித் தோல்கள்.' ஒரு பிழைகூட இல்லாத இங்கிலீஷ், ஷெரிஃப். இந்த மண்ணுல பிறந்து வளர்ந்தவன் எழுதினது. திருட்டுச் சரக்கை வாங்க வர்றவனுக்கு விட்டுட்டுப் போன சேதி. அவன் வர்றதுக்கு முன்னாடி வெர்னா சாசரை எடுத்துட்டா."

"பயனிலை எங்கே போச்சு பாஸ்?" என்றான் டெல்மர்.

"பயனிலையே கிடையாது. அது வாக்கியமே இல்லை, வெறும் விலாசம்."

ஷெரிஃப் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். ஐடா விடவில்லை.

"செவ்வாய்க்கிழமை மத்தியானமே சீட்டு கிடைச்சுது. அப்ப சரக்கு அதுக்கு முன்னாடியே இங்கே வந்தாச்சு. சனிக்கிழமைக்கும் செவ்வாய் மத்தியானத்துக்கும் நடுவுல நடந்த திருட்டு. இதுல ஞாயித்துக்கிழமையில இருந்து ரெய்னோ எங்கே இருந்தான்?"

"டுலூத்ல. ஆடிக்கிட்டு" என்றார் ஷெரிஃப், ஈனக்குரலில். "ஆனா சனிக்கிழமை?"

"சனிக்கிழமை அவன் திருடியிருந்தா, சீட்டைக் கொண்டுபோய்ச் சாசருக்கு அடியில வெச்சது யாரு? வெர்னா ஓட்டல்ல மூணு நாளா ஒரு சாசர்கூடக் கழுவலையா?"

அப்போது சாலையில் ஒரு ஜீப் பாய்ந்து வந்து நின்றது. கிளிஃப் ஹாடன் குதித்து இறங்கினார். மோவாயில் ஐஸ்கிரீம் ஒட்டியிருந்தது.

"தள்ளுங்க! எல்லாரும் தள்ளுங்க! கரடி வெளியே வந்துடும்!"

"எந்தக் கரடி ஐயா?" என்றாள் ஐடா. "முப்பத்தாறுல எது?"

கிளிஃப் மூட்டையைப் பார்த்தார். அந்தச் சிவந்த கன்னத்திலிருந்து ரத்தம் ஒழுங்காக வரிசையில் இறங்கிப் போயிற்று.

"உங்களுக்கு முன்னாடி மூணு பேரைப் படிக்கச் சொன்னேன்" என்றாள் ஐடா. "மூணு பேரும் 'பேர்'ல நிறுத்தினாங்க. ஒருத்தர் மூச்சு எடுத்துக்கிட்டார், ஒருத்தர் இருமினார், ஒருத்தி கத்தினா. கரடின்னு நினைச்சுப் படிக்கிறவங்களுக்கு வெட்டு அங்கேதான் விழும். நீங்க மட்டும் ரெண்டு சொல்லையும் ஒட்டிச் சொல்லிட்டு, அதுக்கு அப்புறம் விழுங்கினீங்க. அது கரடித் தோல்னு முன்னாடியே தெரிஞ்சவர்தான் அப்படிப் படிப்பார். வாய் நிறையப் பை இருக்கும்போது நாக்கைக் காவல் காக்க முடியாது பாருங்க."

"ஒரு... ஒரு விழுங்குக்காக என்னைத் திருடன்னு சொல்றீங்களா?"

"விழுங்கை வெச்சு, இங்கே வரும்போது உங்களைக் கூட்டிக்கிட்டு வரக்கூடாதுன்னு மட்டும்தான் முடிவு பண்ணேன். மீதியை நீங்களே சொல்லியிருக்கீங்க. இதுக்கு அடியில புகுந்து கரடியைக் கண்ணால பார்த்ததா ஷெரிஃப்கிட்டக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கீங்களே, சரக்குகிட்ட யாரும் வரக்கூடாதுன்னு."

கிளிஃப் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார். அதன் பானெட்டில், டெல்மர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எனக்கும் ஒரு பை வாங்கிக் கொடுத்திருந்தா இவ்வளவு சுறுசுறுப்பா இருந்திருக்க மாட்டேன்" என்றான்.

மணி நாலடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ரெய்னோவின் கதவு திறந்தது. உள்ளே இப்போது கிளிஃப் இருந்தார். சரக்கை வாங்க வரவிருந்த லாரிக்காரன் பெயரையும் ஊரையும் கேட்கும் முன்பே சொல்லிவிட்டிருந்தார். ரெய்னோ வெளியே வந்து மனைவியின் பக்கத்தில் நின்றான். இன்னும் தொப்பியைப் பிசைவதை நிறுத்தவில்லை.

ஷெரிஃப் வழக்குத் தாளை நாலாகக் கிழித்தார். தொண்டையைச் செருமினார். ஜன்னலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"சரி... அது... தப்பு நடந்துபோச்சு."

சைமி கூடையைக் கீழே வைத்தாள். இடத்தைவிட்டு நகரவில்லை.

"நடந்துபோச்சா? தானா நடந்துதா ஷெரிஃப்? மூணு நாள் என் புருஷனை உள்ளே வெச்சிருந்தீங்க. யார் பண்ண தப்பு?"

ஷெரிஃப் உதவிக்கு ஐடாவைப் பார்த்தார். ஐடா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க கேட்கிறது நியாயம்தானே" என்றாள் தலை நிமிராமல். "ஆளைச் சொல்லாம விட்டுட்டீங்க."

ஷெரிஃப் மெக்ரூடர் தொப்பியைக் கழற்றினார். இருபது வருட உத்தியோகத்தில் அவர் வாயிலிருந்து வராத வாக்கியம் அது. ரெய்னோவின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நான்" என்றார். அங்கேயே நின்றார். பிறகு, மெதுவாக, மீதியையும் சொன்னார். "நான் தப்புப் பண்ணிட்டேன் ரெய்னோ."

ரெய்னோ தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கையை நீட்டினான்.